சேரி தாழ்ந்தது, புதுச்சேரி தாழவில்லை

வில்லியனூர் தேரடிப் பக்கத்து டீக்கடையில் அன்று காலனிதான் பேச்சு. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்திருந்தார். அது அந்த மாநிலத்துச் செய்திதான். ஆனால் பாகூர்ப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு கடலூர் மாவட்டம் என்று நிலம் பின்னிக் கிடக்கும். அங்கே நடப்பதை அடுத்த தெரு விவகாரமாகத்தான் நாங்கள் பேசுவோம்.

"காலனின்னா என்னய்யா தப்பு? டீச்சர்ஸ் காலனி, ரெயில்வே காலனின்னு பெரிய மனுஷங்கல்லாம் இருக்கலையா?" என்றார் ஒரு பெரியவர். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்த இளைஞன், டம்ளரை வைக்காமலே பதில் சொன்னான்: "அந்தக் காலனிக்கு முன்னாடி டீச்சர்ஸ்னு ஒண்ணு ஒட்டியிருக்கு தாத்தா. எங்களுது வெறும் காலனி."

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க வார்த்தை ஆராய்ச்சி பண்றவருதானே சார், யாரு சொல்றது சரி?"

முப்பது ஆண்டுகளாகச் சொற்களின் பழம்பொருளைத் தேடி ஏடு புரட்டியவன் நான். எனக்கு அவன் சொன்ன ஒற்றை வாக்கியம் போதும். தனிச்சொல் ஒரு வழியில் தேயும். அதே சொல் இன்னொன்றோடு ஒட்டிக் கூட்டுச்சொல்லானால் வேறு வழியில் பிழைக்கும். எங்கள் துறையில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருப்பதை அவன் ஒரு டம்ளர் டீக்குள் முடித்துவிட்டான்.

ஆங்கிலத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கே இந்தத் தேய்மானம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை 'நெய்பர்' என்கிறோமே, பழைய ஆங்கிலத்தில் அது இரண்டு சொல். முன்பாதிக்கு 'அருகே' என்று பொருள். பின்பாதி, குடியிருப்பவனையும் உழுது பிழைப்பவனையும் குறித்தது. அருகே குடியிருக்கும் உழவன்; அவ்வளவுதான். அந்தப் பின்பாதியின் உடன்பிறப்பு டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் தனியாகவும் வந்தது: 'பூர்'. முதலில் உழவன், பிறகு நாட்டுப்புறத்தான், கடைசியில் நாகரிகம் தெரியாத முரடன். இன்று ஒருவரை 'பூர்' என்று சொன்னால் அது வசை. 'நெய்பர்' என்று சொன்னால் உறவு. ஒரே வேர்தான், ஒட்டி நின்றது மரியாதையோடு இருக்கிறது, தனியே நடந்தது சேற்றில் விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் 1899-இல் தொடங்கிய போயர் யுத்தம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்தப் போயரும் இதே உழவர்தான். அவர்கள் அந்தப் பெயரைப் பெருமையாகவே சூடிக்கொண்டார்கள்.

தமிழில் இதற்கு நேர் எடுத்துக்காட்டு 'கிழவன்'. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம் என்ற கதையை மேடைக்கு மேடை சொல்லித் தீர்த்துவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். கிழவன் என்றால் உரியவன், உடையவன், தலைவன். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்குரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. தனியாக நின்ற கிழவனுக்கு வயதாகிப் பல் போய்விட்டது. ஆனால் 'நிலக்கிழார்' என்று எழுதும்போது யாருக்காவது பல் போன மனிதர் நினைவுக்கு வருகிறாரா? ஐம்பது காணி வைத்திருப்பவர்தான் வருகிறார். கிழமையும் அப்படித்தான், பழைய உரிமையை வாரம் ஏழு நாளும் சுமந்துகொண்டு, அதைச் சொல்லாமலே இருக்கிறது.

என் உறவுக்காரர் ஒருவர், சுத்த சைவம், பழைய கடைப் பலகை ஒன்றில் 'ஸ்வீட்மீட் ஸ்டால்' என்று படித்துவிட்டுப் படியேற மறுத்தார். பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் பொதுவாக உணவுதான். பின்னால்தான் இறைச்சி என்று குறுகியது. இனிப்புக்கடைக்காரர் அந்தப் பழம்பொருளைப் பலகையில் பத்திரமாக வைத்திருந்தார். மைசூர்பாகு தப்பித்தது என்று வையுங்கள்.

எதிர்த்திசையிலும் வண்டி ஓடும். எள்ளின் நெய் எண்ணெய். அதனால் 'நல்லெண்ணெய்' சரி. தேங்காயெண்ணெயில் எள் எங்கே? மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. எள் நிறைய விளைந்த நாட்டில், எள்ளின் பெயர் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. மத்தியதரைக்கடல் பக்கம் ஆலிவ் விளைந்தது. ஆங்கிலத்தின் 'ஆயில்' அந்த ஆலிவிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்த சொல். ஆக, 'கோக்கனட் ஆயில்' என்றால் தேங்காயின் ஆலிவ். நம்முடையது தேங்காயின் எள்நெய். இருவரும் ஒரே தப்பைச் செய்து, இரண்டும் தப்பில்லாமல் நிலைத்துவிட்டது.

இப்போது சேரி.

சேர் என்ற வினையிலிருந்து பிறந்தது. மக்கள் சேர்ந்து வாழும் இடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் (1924–1936) அதற்கு ஊர், முல்லைநிலத்து ஊர், தெரு என்ற பொருள்களும் உண்டு, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு என்ற பொருளும் உண்டு. எல்லாம் ஒரே பதிவுக்குள். தொல்காப்பியச் செய்யுளியல் 'புலன்' என்ற வனப்பை விளக்கும்போது 'சேரிமொழி' என்ற தொடரை எடுத்தாள்கிறது: ஊரார் வழங்கும், எல்லாருக்கும் விளங்கும் எளிய பேச்சு. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலைச் சேர்ந்த தெருவினர். பாகூரிலேயே சான்று இருக்கிறது. 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. வாகூர்தான் இன்றைய பாகூர். மூன்று ஊர்களில் ஒன்றின் பெயர் இறைப்புனைச்சேரி. கல்விச்சாலைக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் பெயரில் 'சேரி' இருந்ததில் அன்று யாருக்கும் கூச்சமில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. பட்டிமன்றத்தில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படித்தால், ஊர்நிலத்தில் வரி நீங்கிய இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் வருகிறது, பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே 'சேரி'க்கு முன்னால் 'தீண்டா' என்று ஒட்டியவர்கள் இருந்தார்கள். சொல் சுத்தமாக இருந்த பொற்காலம் ஒன்றை நான் காட்ட முடியாது.

பிறகு நடந்தது என்ன? கம்மாணச்சேரியும் தளிச்சேரியும் வழக்கொழிந்தன. தீண்டாமை ஒட்டிய சேரிகள் மட்டும் ஊருக்கு வெளியே நிலைத்தன. வேறு சேரி இல்லாதபோது முன்னொட்டு எதற்கு? அது உதிர்ந்தது. உதிர்ந்த முன்னொட்டின் பொருள் முழுக்க, மிச்சமிருந்த 'சேரி'க்குள் இறங்கிவிட்டது. 'ஹரிஜன காலனி', 'ஆதிதிராவிடர் காலனி' என்று அரசு பலகை வைத்ததும் இப்படித்தான் சுருங்கியது. முன்பாதி நாவிலிருந்து போனது, பார்வையிலிருந்து போகவில்லை. 'வெறும் காலனி' என்று அந்த இளைஞன் சொன்னானே, அந்த 'வெறும்' வெறுமையில்லை. சொல்லாமல் விட்ட ஒரு சொல் அதற்குள் இருக்கிறது, அது கேட்கிற எல்லாருக்கும் கேட்கிறது.

புதுச்சேரிக்கு மட்டும் அந்தக் கதி வரவில்லை. 'புது'வும் 'சேரி'யும் அவ்வளவு இறுக ஒட்டிக்கொண்டன. பிரெஞ்சுக்காரர் நாவில் பொந்திஷேரி ஆகி, ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி ஆகி, 2006-இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டுப் புதுச்சேரி என்ற பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்ப வாங்கினோம். அப்போது ஊரெல்லாம் மகிழ்ச்சி. ஒரு யூனியன் பிரதேசம் முழுக்கத் தன் பெயரில் 'சேரி'யை எழுதிக்கொள்கிறது. அதே பிரதேசத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை தான் சேரியிலிருந்து வருவதைப் பள்ளியில் சொல்லத் தயங்குகிறது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. 'நெய்பர்' என்று கூப்பிட்டால் வருகிற மனிதர் 'பூர்' என்றால் சண்டைக்கு வருவார் என்பதுதான் இது.

'காலனி'யின் பிறப்பைச் சொன்னால் டீக்கடைப் பெரியவர் துள்ளிக் குதிப்பார். இலத்தீனில் உழுவதைக் குறித்த வினை ஒன்றிலிருந்து உழவனுக்கு ஒரு பெயர். அந்த உழவர்கள் போய்க் குடியேறிய இடம் 'கொலோனியா'. பண்பாட்டைக் குறிக்கும் 'கல்ச்சர்' அதே வினையின் பிள்ளை. ரோமானியர்கள் ரைன் ஆற்றங்கரையில் வைத்த குடியேற்றத்துக்குக் கொலோனியா என்றே பெயர் நின்று, இன்று ஜெர்மனியின் கொலோன் நகரமாக இருக்கிறது. காய்ச்சல் வந்தால் நம் பாட்டிமார் நெற்றியில் துணி நனைத்துப் போட்ட ஓடிகொலோன், பிரெஞ்சில் 'கொலோன் நீர்'. அதாவது காலனித் தண்ணீர். மணக்க மணக்க வீட்டு அலமாரியில் வைத்திருந்தோம்.

ஆனால் இதையெல்லாம் அந்த இளைஞனிடம் சொல்லி, "ஆகவே தம்பி, உன் வருத்தத்துக்கு அடிப்படையில்லை" என்று முடிக்க எனக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் கட்சி. சொற்பிறப்பியலைக் குறிக்கும் 'எட்டிமாலஜி' என்ற பெயரிலேயே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அதன் கிரேக்க வேருக்கு 'உண்மை' என்று பொருள். முதலில் இருந்த பொருள்தான் மெய்ப்பொருள், பிறகு வந்தவை கலப்படம் என்று பழைய கிரேக்கர் நம்பினார்கள். துறை வளர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பழைய பொருள் என்பது பழைய பொருள், அவ்வளவுதான். இன்றைய பொருளைத் தீர்மானிப்பது இன்று சொல்பவரும் கேட்பவரும்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. சினிமா 'வில்லன்' என்ற சொல், பண்ணையையும் பண்ணைவீட்டையும் குறித்த 'வில்லா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்ணையாள், கிராமத்தான், இழிந்தவன், கொடியவன் என்று படிப்படியாக இறங்கியது. 'வில்லேஜ்' அதன் சொந்தத் தங்கை. பாகூரில் நடவு முடித்துக் கரையேறும் ஒரு விவசாயியை 'வில்லன்' என்று கூப்பிட்டுவிட்டு, "கோபிக்காதீங்க, கிராமத்துக்காரர்னுதான் சொன்னேன்" என்று விளக்கிப் பாருங்கள். (வில்லியனூரைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியின் 'நகரம்' ஒட்டிக்கொண்டது போன்ற எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள் என்பது இங்கே தேவையில்லாத வேடிக்கை. ஊருக்கும் வில்லனுக்கும் உறவில்லை.) 2023-இல் ஒரு பிரமுகர் சமூக வலைத்தளத்தில் 'சேரி மொழி' என்பதை வசையாகப் பயன்படுத்திவிட்டு, எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சில் அந்த ஒலிக்கு 'அன்புக்குரிய' என்று பொருள் என விளக்கம் கொடுத்தார். சுமார் 280 ஆண்டு பிரெஞ்சு கேட்ட எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாத விளக்கம் அது.

ஆக, சுடுகிறது என்று அந்தச் சொல்லுக்குள் வாழ்கிறவர் சொன்னால், எடுத்துவிட வேண்டியதுதான். பழம்பொருளைக் காட்டி அவர் வாயை அடைக்கச் சொல்லாய்வைக் கூப்பிடாதீர்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

என்ன வேலை? ஆவணம் படிக்கிற வேலை. பாகூர்ச் செப்பேட்டை ஒருமுறை கல்லூரி மாணவர்களுக்கு நடத்தினேன். ஊர்கள் 'வித்யாபோக'மாகக் கொடுக்கப்பட்டன என்ற இடம் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. போகம் என்றால் அவர்களுக்குப் படுக்கையறை. அங்கே அது அனுபவ உரிமை; நிலத்தின் விளைவைக் கல்விக்காக அனுபவித்துக்கொள்ளும் உரிமை. அதே வாரம் பாகூரில் ஒரு விவசாயியிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். செப்பேட்டைப் பார்த்தே இராதவர், ஒரு நொடி யோசித்துவிட்டு, "படிப்புக்குன்னு ஒதுக்கின விளைச்சலு" என்றார். முப்போகம் விளைந்த மண்ணில், சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்தை எண்ணி வாழ்ந்தவர் அவர். அவர் வாயில் பல்லவர் காலத்துப் பொருள் இன்னும் வாடாமல் இருக்கிறது.

'பரிகாரம்' இன்னொன்று. இன்று அது ஜோசியர் சொத்து. பல்லவர் செப்பேடுகளில் பரிகாரம் என்றால் வரிவிலக்கு. தானம் கொடுத்த நிலத்தில் அரசன் எடுக்காமல் விடும் பாத்தியங்கள். வரியில்லாத நிலம் இறையிலி. இங்கே இலத்தீன் வந்து கைகோக்கிறது. கடமைச் சுமைக்கு இலத்தீனில் ஒரு சொல். சுமையைப் பகிர்பவர்கள் 'கொம்யூன்'. சுமையிலிருந்து விலக்குப் பெற்றவர் 'இம்யூன்'. தடுப்பூசிக்காரர்கள் பின்னால் இந்த இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அது ஏறக்குறைய நம் இறையிலிதான்.

அந்தக் கொம்யூன் எங்கள் வீட்டுச் சொல். கம்யூன் என்று சென்னைப் பத்திரிகை எழுதும், எங்களுக்குக் கொம்யூன். 1880-ஆம் ஆண்டு ஆணையால் பிரெஞ்சிந்தியா பத்து கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டபோதே வில்லியனூரும் பாகூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் சபை உறுப்பினர்களுமாக 178 பேர். சேர்வோம் என்றவர்கள் 170. சுமையைப் பகிர்கிறவர்கள் என்ற பழம்பொருள் அன்று ஒருநாள் முழுசாக உயிரோடு இருந்தது. 2006-இல் தேர்வான உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் நெடுங்காலம் அலுவலர்கள்தான் கொம்யூனை நடத்தினார்கள். பகிர ஆளில்லாமல் பலகை மட்டும் தொங்கிய ஆண்டுகள் அவை.

ஆகவே பெயர் மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. மாற்றுங்கள், ஆனால் துடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கொம்யூன் அலுவலகத்திலும் ஒரு பேரேடு: பழைய பெயர், புதிய பெயர், மாறிய தேதி, அந்த இடத்தை ஊரார் வாயால் எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு வரி. பலகையிலும் பள்ளிச் சான்றிதழிலும் புதிய பெயர் மட்டும் இருக்கட்டும். பேரேட்டில் பழையதும் இருக்கட்டும். இல்லையென்றால் இருபது ஆண்டு கழித்து ஒரு பத்திரத்தை விரிக்கும் பேரன், தாத்தாவின் மனை எங்கே இருந்தது என்று தேடித் தெரு அளப்பான். இறைப்புனைச்சேரிக்கு அப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் நாங்கள் இத்தனை பேர் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதே பேரேட்டில் இன்னும் நாலு தாள் சேர்க்கலாம். நன்செய் என்ற நல்ல வயலை 'நஞ்சை' என்று எழுதி எழுதி, அதில் நஞ்சு தெரிகிறதே தவிர 'செய்' என்றால் வயல் என்பது யாருக்கும் தெரியவில்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் மதகடியில் நிற்பவர்கள் பேசும் சொற்களில் பாதி எந்த அகராதியிலும் இல்லை. முசே, துப்புயி என்ற இரு பாதிரியார்கள் 1855-லும் 1862-லும் தமிழ்–பிரெஞ்சு அகராதியை இரண்டு தொகுதியாகப் புதுச்சேரியில் அச்சிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இருந்த பொறுமை நமக்கு ஒரு கொம்யூன் அளவுக்காவது வேண்டாமா?

இதையெல்லாம் அந்த டீக்கடையில் நான் சொல்லவில்லை. அவனுக்கு பஸ் வந்துவிடும். "நீ சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொன்னேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு ஏதோ யோசித்து, "அப்ப கொம்யூன் பஞ்சாயத்துங்கறோமே, அதுல பஞ்சாயத்துன்னா என்னங்க?" என்றார்.

ஐந்து பேர் சபை என்று தொடங்கியது எப்படிச் சண்டைக்குப் பெயரானது என்று சொல்ல வாயெடுத்தேன். இளைஞன் பஸ் படியில் கால் வைத்தபடி குரல் கொடுத்தான்: "தாத்தா, அது தனிப் பஞ்சாயத்து. நாளைக்கு வச்சுக்கலாம்."

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், வரலாற்றுச் சொல்லாய்வாளர், வில்லியனூர்.